எந்த ஏரியாவில் வீடு பார்க்கலாம்?

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்தத் தலைப்பைக் கொடுத்தவர் செயலாளர். போன வருஷத்தில் நம் குடியிருப்பில் வாடகைக்கு இருக்கிற நாலைந்து குடும்பங்கள் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள்: "அங்கிள், வீடு வாங்கணும், எந்த ஏரியா நல்ல ஏரியா?" இன்னொரு பக்கம், சொந்த வீட்டில் இருக்கிற மூத்தவர்கள் இரண்டு மூன்று பேர் மெதுவாகக் கேட்டார்கள்: "பையன் இதை வித்துட்டு வெளியே புது அபார்ட்மென்ட்டுக்குப் போகலாம்கிறான். போகலாமா?" இரண்டும் ஒரே கேள்விதான், ஆனால் பதில் ஒன்றல்ல. வங்கியில் வீட்டுக் கடன் பிரிவில் பல வருஷம் கிளார்க்காக இருந்ததால் எனக்கு இதெல்லாம் தெரியும் என்று நினைக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது ஃபைல்தான். ஆனால் ஃபைல்கள் நிறையக் கதை சொல்லும்.

எல்லோரும் முதலில் கேட்பது சதுர அடி என்ன விலை என்று. நான் அதைக் கடைசியில் கேட்கச் சொல்வேன். வீடு பார்க்கப் போகும்போது, காலத்தோடு இடம் மாறுவது எது, மாறாதது எது என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். ஆபீஸ் மாறும். பிள்ளைகளின் பள்ளிக்கூடம் மாறும். பஸ் நிலையமே மாறுகிறது. வெளியூர் பஸ்ஸுக்கு ஒரு காலத்தில் பிராட்வே போனோம், 2002-க்குப் பிறகு கோயம்பேடு, 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் வந்துவிட்டது. கோயம்பேடு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் என்பதற்காகவே வீடு வாங்கியவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு மெட்ரோ ரயில் வந்ததால் பிழைத்தார்கள்.

மாறாதவை இரண்டு. ஒன்று தண்டவாளம். இன்னொன்று தரையின் மேடு பள்ளம்.

தண்டவாளத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை சுமார் 30 கிலோமீட்டருக்கு மின்சார ரயில் 1931-ல் ஓட ஆரம்பித்தது. தொண்ணூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. மாம்பலம், சைதாப்பேட்டை, பழவந்தாங்கலை ஒட்டிய நங்கநல்லூர், பல்லாவரம், நம் குரோம்பேட்டை எல்லாம் இந்தப் பாதையைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தவை. ஸ்டேஷனுக்கு நடந்து போகிற தூரத்தில் இருப்பவருக்கு ஜிஎஸ்டி ரோட்டில் என்ன நெரிசல் என்பது செய்தி மட்டும்தான். ஓஎம்ஆர் அப்படி வளரவில்லை. அது ரோட்டைப் பிடித்துக்கொண்டு வளர்ந்த பகுதி. ரோடு அடைத்தால் எல்லாம் அடைத்துவிடும். இப்போது இரண்டாம் கட்ட மெட்ரோ வேலை நடக்கிறது, மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை ஒரு பாதை. வரட்டும், நல்லதுதான். ஆனால் விளம்பரத்தில் "மெட்ரோ அருகில்" என்று போட்டு அந்த ரயிலுக்கான விலையை இன்றைக்கே நம்மிடம் வாங்கிவிடுகிறார்கள். பறக்கும் ரயில் வேளச்சேரிக்கு 2007-ல் வந்தது. அங்கிருந்து பரங்கிமலைக்கு மிச்சமிருந்தது ஐந்து கிலோமீட்டர்கூட இல்லை. பதினைந்து வருஷம் கடந்தும் அந்தத் துண்டில் ரயில் ஓடவில்லை. அதை நம்பி ஆதம்பாக்கம் பக்கம் வாங்கியவர் கடனில் முக்கால்வாசியைக் கட்டி முடித்திருப்பார். ஆகவே ஓடுகிற ரயிலுக்கு விலை கொடுங்கள். வரப்போகிற ரயிலை இலவச இணைப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கொஞ்சம் கணக்கு. பயப்பட வேண்டாம், சின்னக் கணக்கு.

உதாரணத்துக்கு ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு வீடு 80 லட்சம், தொலைவில் அதே அளவு வீடு 60 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 20 லட்சம். அதை 8.5 சதவீத வட்டியில் 20 வருஷத்துக்குக் கடனாக வாங்கினால் மாதம் சுமார் 17,350 ரூபாய் இஎம்ஐ. "மாசம் பதினேழாயிரம் மிச்சம்" என்று தொலைவு வீட்டை வாங்கிவிடுகிறார்கள். போன பிறகு பஸ் சரியில்லை என்று ஒரு கார் வருகிறது. 8 லட்ச ரூபாய் கார்க் கடன், 9 சதவீதம், 7 வருஷம் என்றால் மாதம் சுமார் 12,870. தினமும் கூடுதலாக 40 கிலோமீட்டர், மாதம் 22 நாள் ஓட்டினால் 880 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர், பெட்ரோல் நூறு ரூபாய் என்று வைத்தால் 5,870 ரூபாய். கூட்டிப் பாருங்கள், 18,740. மிச்சம் பிடித்த பதினேழாயிரம் போய் மேலே ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம் கையிலிருந்து போகிறது. இன்ஷூரன்ஸ், சர்வீஸ், டயரை நான் சேர்க்கவே இல்லை. பி.காம். படித்தவன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏழு வருஷம் கழித்து அந்தக் கார் தேய்மானம் போக என்ன விலைக்குப் போகும்? அதே பணம் ஸ்டேஷன் பக்கத்து மண்ணில் இருந்திருந்தால்?

இதை எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லவில்லை. ஆபீஸே அந்தப் பக்கம் என்றால், அல்லது புறநகரிலேயே ரயிலடி கிடைக்கிறது என்றால் தொலைவு வீடுதான் லாபம். ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரியில் ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரத்தில் வாங்கியவர்கள் யாரும் எனக்குத் தெரிந்து வருத்தப்படவில்லை. வீட்டிலிருந்தே வேலை என்கிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: கடன் 20 வருஷம், வீட்டிலிருந்து வேலை பார்க்கலாம் என்ற அனுமதி ஒரு இ-மெயில். அடுத்த இ-மெயில் எப்போது வரும் என்று உங்களுக்கே தெரியாது.

நேரக் கணக்கு தனி. ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம் கூடுதல் பயணம், வருஷத்துக்கு 250 வேலை நாள் என்றால் 375 மணி நேரம். முழுசாகப் பதினைந்து நாள், இரவும் பகலும். இதற்கு நான் ரூபாய் போட மாட்டேன், அவரவர் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது மேடு பள்ளம். இங்கேதான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

சென்னையில் "எந்த ஏரியா?" என்று கேட்பதற்கு முன்னால் "இது ஏரியா?" என்று கேட்க வேண்டும். சிரிக்கிறீர்கள், ஆனால் உண்மை. தாங்கல் என்றால் சிறிய ஏரி. பழவந்தாங்கல் என்ற பெயரிலேயே அது இருக்கிறது. பெயரை மட்டும் பார்த்தால் போதாது. தியாகராய நகரே 1920-களில் பெரிய மாம்பலம் ஏரியை வற்ற வைத்து உருவாக்கிய நகர். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, லேக்கைத்தான் காணோம். வள்ளுவர் கோட்டம் இருப்பது நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடம். ஆக, ஏரி மேல் வீடு என்பது ஏழைகளின் பிரச்சினை மட்டும் இல்லை, இன்றைய புறநகரின் பிரச்சினை மட்டும் இல்லை. இந்த நகரம் வளர்ந்த விதமே அப்படி.

2015 டிசம்பர் நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்தார்கள், அடையாறு கரை தாண்டியது, கோட்டூர்புரம், ஜாபர்கான்பேட்டை எல்லாம் மூழ்கின. நம் பக்கத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதற்கும் செம்பரம்பாக்கம்தான் காரணம் என்று பலர் இன்னும் சொல்கிறார்கள். செம்பரம்பாக்கத்தின் உபரி நீர் திருநீர்மலை அருகே வந்துதான் அடையாற்றில் சேர்கிறது. முடிச்சூர் அதற்கும் மேலே இருக்கிறது. அங்கே வந்தது ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்த தண்ணீர். இதை ஏன் சொல்கிறேன் என்றால், "செம்பரம்பாக்கத்தை இப்போ ஒழுங்காக் கவனிக்கிறாங்க, இனி பயமில்லை" என்று ஒரு புரோக்கர் சொல்லும்போது, உங்கள் தெருவுக்கு மேலே எந்த ஏரி, அது நிரம்பினால் எந்த வழியாகப் போகும் என்று திருப்பிக் கேட்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் அதே முடிச்சூர், வரதராஜபுரத்தில் தண்ணீர் நின்றது.

வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணை பக்கம் வேறு விதம். தென்சென்னையின் பல ஏரிகளின் உபரி நீர் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போய், கோவளம் முகத்துவாரத்தில் கடலில் சேர வேண்டும். பெரிய தொட்டி, சின்னக் குழாய். சதுப்பு நிலத்தை 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்த்தார்கள், மிச்சமிருப்பதாவது தப்பிக்கட்டும். ஆனால் ஏற்கெனவே கட்டியதற்கு அடியில் இருக்கிற பள்ளம் பள்ளம்தான்.

"நான் மூணாவது மாடி வாங்குறேன், எனக்கென்ன?" என்று ஒரு தம்பி கேட்டார். 2015-ல் என்னுடன் வேலை பார்த்த ஒருவர் இரண்டாவது மாடியில்தான் இருந்தார். வீட்டுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. கரண்ட் நாலு நாள் இல்லை. மோட்டார் மூழ்கிவிட்டது, சம்ப்பில் சாக்கடை கலந்துவிட்டது, லிஃப்ட் இல்லை. அவருடைய அம்மாவுக்கு இன்சுலின். ஃப்ரிட்ஜில் இருந்த மருந்து என்ன ஆகும் என்ற கவலை ஒரு பக்கம், புது மருந்து வாங்க இடுப்பளவுத் தண்ணீரில் யார் போவது என்ற கவலை இன்னொரு பக்கம். மூன்றாம் நாள் படகில்தான் அந்த அம்மாவைக் கூட்டி வந்தார்கள். மாடியில் இருக்கிற வீடும் தரையை நம்பித்தான் இருக்கிறது.

அப்படியானால் எப்படித் தெரிந்துகொள்வது? வீடு பார்க்க எல்லோரும் பள்ளி விடுமுறையில், ஏப்ரல் மே மாதத்தில் போகிறார்கள். ஏப்ரலில் எல்லா இடமும் மேடுதான். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு பெரிய மழைக்கு மறுநாள் போய்ப் பாருங்கள். அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது என்றால், தெருவில் பழைய வீடுகளின் காம்பவுண்டுச் சுவரைப் பாருங்கள், தண்ணீர் நின்ற கறை பெயின்ட்டுக்கு மேலேயும் தெரியும். புதிதாகக் கட்டுகிறவர்கள் பேஸ்மட்டத்தை நாலடி, ஐந்தடி உயர்த்திக் கட்டுகிறார்களா என்று பாருங்கள். அவர்கள் வேடிக்கைக்காகச் செலவழிக்கவில்லை. தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடமும் டீக்கடையிலும் கேளுங்கள். "தண்ணி வருமா?" என்று கேட்டால் "அதெல்லாம் இல்லீங்க" என்பார்கள். "2015-ல எதுவரைக்கும் வந்துச்சு? கரண்ட் எத்தனை நாள் கழிச்சு வந்தது?" என்று கேளுங்கள், கையால் அளவே காட்டுவார்கள். ஒரே ஊரில் ஒரு தெரு நனையும், அடுத்த தெரு நனையாது. ஆகவே முடிச்சூர் கெட்டது, வேளச்சேரி கெட்டது என்று நான் சொன்னதாக யாரும் வாட்ஸ்அப்பில் போட வேண்டாம். தெருவைப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

அதே இடத்துக்கு மே மாதமும் ஒருமுறை போக வேண்டும், இந்தமுறை தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க. 2019-ல் நாலு ஏரியும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வந்ததை நம் ஆயுளில் பார்த்துவிட்டோம். காலை ஆறு மணிக்குத் தெருவில் எத்தனை தண்ணீர் லாரி நிற்கிறது என்று எண்ணுங்கள். பாதாளச் சாக்கடை இணைப்பு இருக்கிறதா, கழிவுநீர் லாரி வருகிறதா என்று கேளுங்கள். இரண்டு லாரியும் வருகிற இடத்தில் பராமரிப்புக் கட்டணம் என்று விளம்பரத்தில் போட்டிருக்கும் தொகையை நம்ப வேண்டாம், சங்கத்தின் வரவு செலவுக் கணக்கைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். "மாநகராட்சிக்குள் வந்துவிட்டது" என்பதும் பதில் ஆகாது. சென்னை மாநகராட்சி 2011-ல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது, நாம் 2021-ல் தாம்பரம் மாநகராட்சி ஆனோம். எல்லைக்கோடு ஒரே நாளில் நகரும். குழாய் அப்படி நகராது.

நம் இடமும் சொர்க்கம் இல்லை. தோல் பதனிடும் தொழில் பல காலம் நடந்ததால் இந்தப் பக்கத்து நிலத்தடி நீர் எப்படி என்று போர் போட்டவர்களுக்குத் தெரியும். தலைக்கு மேல் விமானம். ராதா நகர் கேட்டில் நின்ற நேரத்தைக் கூட்டினால் நம்மில் பலருக்கு ஒரு வருஷம் வரும்.

பத்திர விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அதற்குத் தனியாக ஒரு வக்கீலைக் கூப்பிடச் செயலாளர் ஏற்பாடு செய்கிறார். வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், பட்டா, புதுக் கட்டடம் என்றால் ரெரா பதிவு எண், கட்டட நிறைவுச் சான்று, இவை இல்லாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். பிரிக்கப்படாத பாகம் எவ்வளவு என்று கேளுங்கள். கட்டடம் தேயும், மண் தேயாது, உங்கள் மண் எவ்வளவு என்பதுதான் அந்த எண். ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: "பேங்க்கே லோன் கொடுத்துட்டாங்க, அப்புறம் என்ன?" என்று நினைக்கக் கூடாது. வங்கியின் வக்கீல் பார்ப்பது உரிமை, மதிப்பீட்டாளர் பார்ப்பது விலை. கார்த்திகை மாதம் பேன்ட்டை மடித்துக்கொண்டு அந்தத் தெருவில் நடந்து பார்ப்பது இரண்டு பேர் வேலையும் அல்ல.

இனி பெரியவர்களின் கேள்வி. இதைப் பிள்ளைகளும் கேட்க வேண்டும்.

வீடு யாருக்காகப் பார்க்கிறோம்? சம்பாதிக்கிறவருக்காகப் பார்க்கிறோம். அவர் அந்த வீட்டில் விழித்திருக்கும் நேரம் நாலு மணி. நாள் முழுவதும் அங்கே இருக்கப் போவது அம்மாவும் அப்பாவும். இங்கே ஒரு அறுபத்தெட்டு வயது அம்மா காலையில் கோயிலுக்குப் போகிறார், வழியில் கீரை வாங்குகிறார், மருந்துக் கடையில் பேசுகிறார், பாங்க் பாஸ்புக்கில் என்ட்ரி போட்டுக்கொண்டு திரும்பி வருகிறார். யாரையும் கேட்கவில்லை. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021-லிருந்து டிக்கெட் இல்லை, பல்லாவரம் சந்தைக்கும் போய் வந்துவிடுகிறார். அதே அம்மாவைப் பதினான்காவது மாடியில் வையுங்கள். கீழே பூங்கா இருக்கிறது, நடைபாதை இருக்கிறது, நீச்சல் குளமும் இருக்கிறது. கேட்டுக்கு வெளியே போக மட்டும் மகன் வர வேண்டும், அல்லது செயலியில் வண்டி பிடிக்கத் தெரிய வேண்டும். அவருக்கு நாம் கொடுத்தது வசதி, எடுத்துக்கொண்டது நடமாட்டம்.

மறுபக்கமும் உண்டு. என் நண்பர் ஒருவர் அப்படிப்பட்ட இடத்துக்குப் போய், ஒத்த வயதினர் இருபது பேரோடு சாயங்காலம் கேரம் ஆடிக்கொண்டு சந்தோஷமாக இருக்கிறார். லிஃப்ட் இல்லாத நம் பழைய பிளாக்கில் முழங்கால் வலியோடு இரண்டாவது மாடி ஏறுகிறவரிடம் "இங்கேயே இருங்கள்" என்று நான் எப்படிச் சொல்ல முடியும்? ஆகவே போகலாமா கூடாதா என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. விற்காமல் போய்ப் பாருங்கள் என்கிறேன். இந்த வீட்டைப் பதினோரு மாத ஒப்பந்தத்தில் வாடகைக்கு விடுங்கள், அங்கே வாடகைக்கு இருங்கள், ஒரு மழைக்காலமும் ஒரு கோடைக்காலமும் போகட்டும்.

செலவு என்று மகன் சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். கைமாறும் பழைய வீட்டை வாங்கும்போது முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். பத்திரத்தில் 80 லட்சம் என்றால் 7 லட்சத்து 20 ஆயிரம். பிடிக்கவில்லை என்று திரும்பி வந்து இங்கே மறுபடி வாங்கினால் மறுபடியும் அதே தொகை, புரோக்கர் கமிஷன் தனி. பதினோரு மாத வாடகை, மாதம் 25,000 என்றாலும் 2 லட்சத்து 75 ஆயிரம்தான், அதிலும் இந்த வீட்டின் வாடகை வந்து பெரும்பகுதியை ஈடு கட்டிவிடும். வீடு வாங்க நினைக்கிற இளம் குடும்பங்களுக்கும் இதையேதான் சொல்கிறேன். நினைத்திருக்கிற தெருவில் முதலில் வாடகைக்குப் போங்கள். காலை எட்டரைக்கு அங்கிருந்து ஆபீஸுக்குக் கிளம்பிப் பாருங்கள். அம்மாவைத் தனியாக டாக்டரிடம் அனுப்பிப் பாருங்கள். வேலைக்கு வருகிற அக்கா எங்கிருந்து, எந்த பஸ்ஸில் வருகிறார் என்று கேளுங்கள். அவர் வர முடியாத இடத்துக்கு நாமும் போய் வர முடியாது.

கணக்குகளை ஒரு தாளில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லியிருக்கிறேன். உங்கள் வட்டி விகிதம், உங்கள் கிலோமீட்டரைப் போட்டுப் பார்க்க விரும்புகிறவர்கள் சனிக்கிழமை மாலை சங்க அறைக்கு வாருங்கள், கால்குலேட்டரோடு உட்கார்ந்திருப்பேன். இப்போது கேள்வி இருந்தால் கேட்கலாம். பின்னால் டீ ஆறிக்கொண்டிருக்கிறது, அதனால் சுருக்கமாக.